கொஞ்சங்கொஞ்சமாய்

தியானப் பகுதி: யாத்திராகமம் 23:29, 30

 

இந்த மாதம் ஆவியானவர் என் உள்ளத்தில் வைத்த வேதபகுதி கொஞ்சம் வித்தியாசமானது. மேலே குறித்திருக்கிற இரண்டு வசனங்களையும் உங்கள் வேதாகமத்தைத் திறந்து ஒருதரம் நிதானமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

வாசித்தீர்களா? கானான் தேசத்தை இஸ்ரவேலுக்குத் தருவதாகத் தேவன் வாக்குக்கொடுக்கிறார். ஆனால் அங்கே இருக்கிற சத்துருக்களை ஒரே வருஷத்தில் விரட்டமாட்டேன் என்று அவரே சொல்லுகிறார். சிறுகச் சிறுகத்தான் விரட்டுவேன் என்கிறார். சமுத்திரத்தை ஒரே ராத்திரியில் பிளந்தவருக்கு இது முடியாத காரியமா? முடியும். முடிந்தும் செய்யமாட்டேன் என்கிறார். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லுகிறார். ஒரேயடியாகக் கொடுத்தால் தேசம் பாழாய்க் கிடக்கும், காட்டுமிருகங்கள் பெருகிப்போகும். ஜனங்கள் எண்ணிக்கையில் பெருகப் பெருகத்தான் தேசமும் அவர்கள் கைக்கு வரும்.

அருமையானவர்களே, ஒரு காரியத்தைக் கவனியுங்கள். இங்கே தாமதம் தண்டனை அல்ல, பாதுகாப்பு. வனாந்தரத்தில் கூடாரம் போட்டுத் திரிந்த ஜனம், கையில் கலப்பை பிடித்துப் பழகாத ஜனம். அவர்களிடம் விளைந்த நிலத்தையும் கட்டின வீட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் யார் உழுவது? யார் வேலி அடைப்பது? ராத்திரியில் கூரைமேல் ஏறும் நரியை யார் விரட்டுவது? பெறுகிறவனுடைய கை வளருகிற அளவுக்குத்தான் பொருளும் வளர வேண்டும் என்று நம் தேவன் நினைக்கிறார்.

இதை ஏன் எழுதுகிறேன்? போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபிறகு, ஜனங்கள் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு இருந்த நேரத்தில், நம்முடைய சகோதரன் ஒருவர் ஓரமாக வந்து நின்றார். கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பாஸ்டர், தலமேல கைய வெச்சி ஒரு ஜெபம் பண்ணுங்க. இன்னைக்கே எல்லாக் கடனும் தீரணும்."

"எவ்ளோ தம்பி?"

"அது... சரியாத் தெரியல பாஸ்டர்."

நான் அவரை பெஞ்சில் உட்காரவைத்தேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, பேனாவைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். முதல் கடன் மூன்று வருஷத்துக்கு முன்னால், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வாங்கினது. அதற்கு வட்டி கட்ட இன்னொரு இடம். அந்த இன்னொரு இடத்துக்குக் கட்ட செல்போனில் வருகிற கடன் ஆப் ஒன்று. அப்புறம் மனைவியின் கம்மல் அடகு. அப்புறம் மளிகைக்கடை பாக்கி. ஒவ்வொன்றும் எழுதும்போது சின்னத் தொகைதான். கூட்டிப் பார்த்தபோது அந்தத் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவ்ளோவா?" என்று ஒரே வார்த்தை.

நூற்றுக்குப் பத்து வட்டி என்று நம் பக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்லுகிறார்கள். மாதத்துக்குப் பத்து! 20,000 ரூபாய் வாங்கி, வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு ஏறிக்கொண்டே போனால் எட்டு மாதத்துக்குள் தொகை இரட்டிப்பாகும். பன்னிரண்டாம் மாதம் 62,000-ஐத் தாண்டும். இப்படி அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்படுகிற வரைக்கும் சட்டம் யாருக்கும் உதவாது.

நான் தலையில் கைவைத்து ஜெபித்தேன். ஜெபிக்காமல் அனுப்புகிறவன் பாஸ்டரே அல்ல. ஆனால் ஜெபத்துக்கு முன்னால் ஒன்று சொன்னேன்: "தம்பி, மூணு வருஷமா சேர்ந்தது இது. கர்த்தர் நெனச்சா ஒரே நாள்ல தீர்ப்பாரு, அவர் கையைக் கட்ட நான் யாரு. ஆனா கொஞ்சங்கொஞ்சமாத் தீர்த்தாலும் அது அவர் செய்த அற்புதந்தான். அத நீ அற்புதம்னு ஒத்துக்குவியா?" அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இப்போது உங்கள் எல்லாருக்கும் வைக்கிறேன்.

தேவ ஜனமே, நம்முடைய கூட்டங்களின் நோட்டீஸ்களைப் பாருங்கள். மூன்றே நாளில் விடுதலை, ஒரே இரவில் ஆசீர்வாதம், ஏழே வாரத்தில் கடன் நீக்கம் என்று கெட்டி எழுத்தில் போடுகிறார்கள். ஊழியக்காரரை நான் நியாயந்தீர்க்கவில்லை. நானும் பெந்தெகொஸ்தேக்காரன்தான். திடீரென்று இறங்குகிற அபிஷேகத்தை விசுவாசிக்கிறவன்தான். அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தில் வானத்திலிருந்து வந்த அந்த முழக்கம் சடிதியாகத்தான் வந்தது, அல்லேலூயா! ஆனால் 2-ம் அதிகாரத்துக்கு முன்னால் 1-ம் அதிகாரம் ஒன்று இருக்கிறதே? ஆண்டவர் உயிர்த்தெழுந்து 40 நாள் தரிசனமாகி, பரமேறிப் போனார். பெந்தெகொஸ்தே 50-ம் நாள். நடுவிலே பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவர்கள் மேல்வீட்டறையில் ஒருமனப்பட்டு ஜெபத்தில் தரித்திருந்தார்கள் (அப். 1:14). முதல் நாள் ஜெபித்தார்கள், அக்கினி வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் "வீட்டில் வேலை கிடக்கு" என்று எழுந்து போயிருக்கலாம், வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய சபையாக இருந்தால் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்!

இப்போது நம் ஊர்க் காரியத்துக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். பூண்டி நீர்த்தேக்கத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே 1944-ல் கட்டி முடித்தார்கள். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பேரால் அதற்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். 35 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நிரம்பினால் 3,231 மில்லியன் கன அடி. நம்ம கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 9,100 கோடி லிட்டர். இவ்வளவும் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் லாரியில் கொண்டுவந்து கொட்டவில்லை. எங்கேயோ ஒரு மேட்டில் விழுந்த மழைத்துளி, வரப்பில் ஓடி, ஓடையில் விழுந்து, ஆற்றில் சேர்ந்து வந்தது. 1996 முதல் கிருஷ்ணா தண்ணீரும் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டை பக்கம் நம் எல்லைக்குள் நுழைந்து இங்கே வந்து சேருகிறது. 1983-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குத் தண்ணீர் வந்து சேர 13 வருஷம் ஆனது. அந்த 13 வருஷமும் வாய்க்கால் வெட்டினார்கள். நாமோ பதிமூன்று நாள் ஜெபித்துவிட்டு "ஆண்டவர் கேட்கலை" என்கிறோம்.

ஆனால் நான் சொல்லவந்தது தண்ணீரைப் பற்றி அல்ல. அதே ஆறு, அதே வழியாக, அதே நேரத்தில் இன்னொன்றையும் கொண்டுவருகிறது. வண்டல். ஓடுகிற தண்ணீர் வண்டலைத் தூக்கிச் சுமந்துகொண்டே வரும். ஏரிக்குள் வந்து நின்றவுடன் அதை அடியில் இறக்கிவைத்துவிடும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டல் படியும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு ஏரி நிறைந்து அலையடிக்கிறது. கரையில் நின்று போட்டோ எடுக்கிறான். அடியிலே ஒவ்வொரு மழைக்கும் ஒரு படலம் ஏறுகிறது. அது ஏற ஏற, தண்ணீர் பிடிக்கிற இடம் குறைகிறது. அளவுகோலில் அடிக்கணக்கு அதேதான், உள்ளே கொள்ளளவு அது அல்ல.

2019 ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் ஏரியின் அடி தெரிந்தது. வெடித்துப்போன சேறு. தண்ணீர் இருந்தவரைக்கும் யார் கண்ணிலும் படாதது.

சகோதரனே, உன் ஜீவியத்திலும் இரண்டும் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கையை உயர்த்தி அந்நியபாஷையில் துதிக்கிறாய், ஸ்தோத்திரம், அது மெய்யான தண்ணீர். ஆனால் வாரம் முழுவதும் என்ன படிகிறது? தம்பி பாகப்பிரிவினையில் ஏமாற்றினான் என்கிற கசப்பு. சூப்பர்வைசர்மேல் இருக்கிற வன்மம். ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு செல்போனில் பார்க்கிற அசுத்தம். டீக்கடையில் பேசுகிற சின்னச் சின்னப் பொய். எதுவும் பெரிதல்ல. யாரும் உன்னைச் சபையைவிட்டு நீக்கமாட்டார்கள். ஆனால் ரோமர் 2:5-ஐ எடுத்துப் பாருங்கள். மனந்திரும்பாத இருதயம் கோபாக்கினையைத் தனக்காகவே சேர்த்துவைக்கிறது என்று பவுல் எழுதுகிறார். பாங்கியில் போடுகிற மாதிரி. தினமும் கொஞ்சம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சேமிப்பு இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 5:8-ல் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் பரலோகத்தில் பொற்கலசங்களில் நிறைந்திருக்கக் காண்கிறோம். பிள்ளைக்காக அழுது அழுது கண் மங்கிப்போன தாயே, உன் ஜெபம் காற்றோடு போகவில்லை. அது அங்கே சேர்ந்திருக்கிறது. கொர்நேலியுவின் ஜெபமும் தானதர்மமும் அப்படித்தான் தேவசந்நிதியில் போய்ச் சேர்ந்திருந்தது என்று தூதன் சொன்னான் (அப். 10:4).

சரி, படிந்த வண்டலை என்ன செய்வது? ஆதியாகமம் 26-ம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். ஆபிரகாம் வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு என்ன செய்தான்? புதுக் கிணறு தேடி ஊர் ஊராக ஓடினானா? இல்லை. அப்பா வெட்டின அதே கிணறுகளை முதலில் மறுபடியும் தோண்டினான். அப்பா வைத்த அதே பெயர்களை வைத்தான். தூர் வாருகிற வேலை! கூடை கூடையாக மண் எடுக்கிற வேலை. கைகொட்டிப் பாடினால் மண் மேலே வராது, குனிந்து எடுத்தால்தான் வரும். அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கிலே ஊற்றுத்தண்ணீரையே கண்டார்கள்.

இன்னொரு அதிசயம் சொல்லுகிறேன். 2017-ல் குடிமராமத்து வேலை நடந்தபோது ஏரிகளிலிருந்து வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. டிராக்டர் டிராக்டராக அள்ளிக்கொண்டு போனார்கள். ஏனென்றால் அந்த வண்டல் வயலுக்கு உரம். ஏரிக்குள்ளே கிடந்தபோது அது தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சத்துரு. வெளியே எடுத்துப் போட்டபோது அடுத்த போகத்துக்கு அதுவே எரு. அறிக்கையிட்டு விட்டுவிட்ட பாவம் இப்படித்தான் மாறுகிறது. குடியிலிருந்து வெளியே வந்த நம்முடைய சகோதரர் சாட்சி சொல்லும்போது எத்தனை குடும்பங்கள் கண்ணீரோடு கேட்கிறது பார்த்தீர்களா? என் பிரசங்கத்துக்கு அவ்வளவு கண்ணீர் வந்ததில்லை!

எல்லாவற்றையும் சேர்த்துவைக்கவும் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மன்னாவை மறுநாளுக்கு வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது (யாத். 16:20). கோபமும் அப்படித்தான். சூரியன் அஸ்தமிக்குமுன் முடித்துவிடவேண்டிய சரக்கு அது (எபே. 4:26). நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் முடித்துவிடுங்கள்!

இன்னும் கிழக்கே போனால் பழவேற்காடு. நம் சபையில் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏரி கடலோடு சேருகிற இடத்தில் முகத்துவாரம் இருக்கிறது. ஏரியின் உயிரே அந்த வாயில்தான் இருக்கிறது. அலை ஏறும்போது கடல்தண்ணீர் உள்ளே வரும், அதோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். அலை இறங்கும்போது ஏரித்தண்ணீர் வெளியே போகும். இந்தப் போக்குவரத்து பலமாக இருக்கிறவரைக்கும் வாய் திறந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே வருகிறது. ஏரியில் தண்ணீர் குறைந்து, வெளியே போகிற வேகம் தளர்ந்தால், மணல் ஜெயித்துவிடும். ஒருநாளில் மூடுவதில்லை. முதலில் படகின் அடி தட்டும். அப்புறம் இறங்கித் தள்ளவேண்டும். அப்புறம் ஒருநாள் பார்த்தால் மணல்மேடு. படகு கடலுக்குப் போகமுடியாது, குஞ்சுகள் ஏரிக்குள் வரமுடியாது. மழைக்கால வெள்ளம் வந்து உடைத்தால் உண்டு. எத்தனையோ வருஷம் மீனவ ஜனங்கள் மனு கொடுத்து, மறியல் செய்து, முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க இரண்டு பக்கமும் கல் போடுகிற வேலையை அரசு எடுத்தது.

உன் ஜெபவாழ்க்கையில் படகின் அடி தட்டுகிறதா? காலையில் வேதத்தைத் திறந்தால் மனம் ஓடவில்லையா? முழங்காலில் நின்றால் இரண்டு நிமிஷத்தில் கால் வலிக்கிறதா? அது மணல் வருகிற சத்தம். மேடாகும்வரைக்கும் காத்திருக்காதே. மழைக்கால வெள்ளம் மாதிரி கன்வென்ஷன் வரும், மூன்று நாள் உடைத்துக்கொண்டு ஓடும், நல்லதுதான். ஆனால் கன்வென்ஷன் பந்தலைப் பிரித்த மறுநாளும் கடல் மணலைக் கொண்டுவரத்தான் செய்யும். தினசரி ஏற்றமும் இறக்கமும்தான் வாயைத் திறந்துவைக்கிறது. கர்த்தரிடத்தில் வாங்குவதும் பிறருக்குக் கொடுப்பதும்.

எசேக்கியேல் 47-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆலயத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் ஆயிரம் முழத்துக்கு ஒருதரம் அளக்கப்படுகிறது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகுதான் நீந்துகிற ஆழம். தீர்க்கதரிசியே ஆனாலும் நேராக நாலாவது ஆயிரத்தில் கொண்டுபோய் இறக்கவில்லை. நாலு தரமும் நடக்கவைத்தார். அந்த ஆறு போய்ச் சேர்ந்த கடலில் மீன்கள் திரளாகின்றன, கரையெல்லாம் வலை விரிக்கிறார்கள். ஆனால் 11-ம் வசனத்தில் ஒரு பயங்கரம் இருக்கிறது. உளையான சதுப்புகள் மட்டும் ஆரோக்கியமாகவில்லை, உப்புக்கே விடப்பட்டன. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் நன்றாக விளங்கும். ஓட்டம் நின்ற தண்ணீரில் மீன் இல்லை, உப்புதான் மிச்சம்.

இப்போது கும்மிடிப்பூண்டி மில்களில் வேலைசெய்கிற சகோதரருக்கு ஒரு வார்த்தை. பிரசங்கத்தில் இதென்ன என்று நினைக்காதீர்கள், இது உங்கள் சரீரத்தைப் பற்றியது. சரீரம் ஆவியானவரின் ஆலயம். பழைய இரும்பை உருக்குகிற பர்னஸ்களில் உள்ளே லைனிங் போட சிலிக்கா மாவு கொட்டுகிறீர்கள், உடைக்கிறீர்கள். அதிலிருந்து பறக்கிற தூசியில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். தெரியாத மெல்லிய தூசி நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தங்குகிறது. போனது திரும்பி வராது. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் படி ஏறினால் மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. காசநோயும் சுலபமாகத் தொற்றும். சிலிகோசிஸ் என்று பெயர். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருந்தது. "எனக்கு விசுவாசம் இருக்குது பாஸ்டர், மாஸ்க் எதுக்கு?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். பவுல் தீமோத்தேயுவிடம் வயிற்றுக்கு வைத்தியம் சொன்னாரே (1 தீமோ. 5:23), விசுவாசம் இல்லாமலா சொன்னார்? மாஸ்க்கைப் போடு. துணியைக் கட்டினால் போதாது, தூசியை வடிகட்டுகிற சரியான மாஸ்க்கைக் கேட்டு வாங்கிப் போடு. இருமல் விடாமல் இருந்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடு. என்ன வேலை செய்கிறாய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல். சொல்லாவிட்டால் அவர் சாதாரண இருமல் என்று அனுப்பிவிடுவார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பிள்ளைகளோடு வேலைசெய்கிற பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பாஷை தெரியாவிட்டால் உங்கள் மாஸ்க்கைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று பி.எஃப். பணம். வேலை மாறும்போதெல்லாம் அதை எடுத்துச் செலவுபண்ணிவிடுகிறீர்கள். பழைய கம்பெனி நம்பர் என்ன, புதுக் கம்பெனி நம்பர் என்ன என்று தெரியாமல் திரிகிறீர்கள். ஒரே யு.ஏ.என். நம்பர்தான், கம்பெனி மாறினாலும் அதுதான். கணக்கைப் பாருங்கள். பி.எஃப். பிடிக்கிற சம்பளம் 12,000 என்று வையுங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். முதலாளி போடுகிறதில் பென்ஷனுக்குப் போக மீதி 440. மாதம் 1,880. 2023-24-க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். அந்த வட்டியே நிலைத்தால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும், 20 வருஷத்தில் ஏறக்குறைய 11 லட்சம். நீங்களும் முதலாளியுமாகப் போட்டது நாலரை லட்சம்தான். நீதிமொழிகள் 13:11 இதைத்தான் சொல்லுகிறது. குறுக்குவழியில் வந்த ஆஸ்தி கரைந்துபோகும், கைப்பாடாய்ச் சேர்த்தது பெருகும். மேலே எழுதின தம்பியின் கடன் எப்படி ஏறினதோ, அதே கணக்குதான் இங்கேயும் ஏறுகிறது. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதுதான் வித்தியாசம்.

அந்தத் தம்பியின் காரியம் என்னவென்று கேட்பீர்கள். இன்னும் தீரவில்லை. மனைவியிடம் முழுக்கணக்கையும் காட்டினார், அது முதல் விடுதலை. வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்கத் தொடங்கினார். செல்போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டு, வாங்கின பாக்கியை எழுதிக்கொடுத்திருக்கிறார். காலண்டர் தாளை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். போன வாரம் அதில் மளிகைக்கடை பாக்கியை அடித்துக் காட்டினார். நாங்கள் இரண்டுபேரும் கடைசி பெஞ்சில் நின்று "அல்லேலூயா" என்றோம். யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு காரியம். வடகிழக்கே மிசோரம் என்று ஒரு மாநிலம். அங்கே இருக்கிற சபையார் பணக்காரர் அல்ல, மலைமேல் விவசாயம் செய்த ஜனம். 1910-ல் அந்தச் சபைத் தாய்மார்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார்கள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போடுவது. அது கர்த்தருக்கு. வாராவாரம் சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுக்கும். நூறு வருஷத்துக்கு மேலாக இன்றும் நடக்கிறது. இப்போது வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாய் அந்தப் பிடி அரிசியால் மட்டும் வருகிறது. அந்தப் பணத்தில் மிஷனெரிகளை அனுப்புகிறார்கள்.

நம் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். ஒரு பிடி 40 கிராம். இரண்டு வேளைக்கு 80. மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். நம் சபையில் 40 வீடு செய்தால் 96 கிலோ. ஒருவேளைதான் உலை வைக்கிறோம் என்கிறவர்கள் ஒரு பிடியே போடுங்கள், போதும்.

வருகிற மாதம் முதலாம் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது அரிசியைப் பையில் கொண்டுவாருங்கள். ரேஷன் அரிசியானாலும் சரி, பொன்னியானாலும் சரி, இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பையில். வாலிப சகோதரிகள் வாசலில் டிரம் வைத்திருப்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதமாட்டோம். முதல் மாதத்து அரிசி, மில்லில் பதினாலு வருஷம் வேலைசெய்து இப்போது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற நம்முடைய மூத்த சகோதரர் வீட்டுக்குப் போகிறது. அவர் மனைவியிடம் சொல்லிவிட்டேன். "எதுக்கு பாஸ்டர்" என்றார்கள், அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு வாலிபர் தேவை. சைக்கிளோ பைக்கோ இருக்கிறவர்கள் புதன்கிழமை ஜெபத்தில் பெயர் கொடுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சபைப் போதகர்